யானைக்கு மட்டும் ஏறிய விலைவாசி

ராஜா தலைநகரைத் துறைமுகப் பட்டணத்துக்கு மாற்றினார். அங்கே புளி, மிளகாய்கூட யானை விலை, குதிரை விலை. அதனால் அரண்மனை யானையின் தீனிப் பணத்தை இரட்டிப்பாக்கிய மந்திரி, பாகன் கொம்பையாவுக்கு மட்டும் பழைய சம்பளம்தான் என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாள் பவனிக்கு வந்த ராஜா பார்த்தால், கொம்பையா தன் காலில் சங்கிலி மாட்டிக்கொண்டு, யானைக்குப் பக்கத்தில் கவளத்துக்கு வாயைத் திறந்து நிற்கிறான்.

“என்னடா கோலம் இது?” என்றார் ராஜா.

“இந்த ஊரில் யானைக்கு மட்டும்தான் விலைவாசி ஏறுமாம், மகாராஜா. அதான் நானும் யானையாகிவிட்டேன்.”

மந்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம். “அப்போ யானையை எவன் ஓட்டுவான்?”

“பழைய சம்பளம் போதும் என்கிறவர்தான், சாமி.”

ராஜா சிரித்தபடி, “அப்போ நீரே யானைமேல் ஏறும், மந்திரியாரே!” என்றார்.

மந்திரி கிட்டே போனதும் யானை அவர் தலைப்பாகையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

“பாகனுக்கும் இரட்டிப்பு!” தூணுக்குப் பின்னாலிருந்து மந்திரியின் அலறல் கேட்டது.

கொம்பையா நிதானமாகச் சங்கிலியைக் கழற்றினான்.

“போதும்டா கண்ணு, துப்பிடு” என்றான் யானையிடம்.