பொட்டு வைத்த கார்டு

டிஸ்ப்ளே வரவில்லை என்று அச்சக முதலாளி தணிகாசலம் கொடுத்த பழைய கம்ப்யூட்டரை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள் மெக்கானிக் செண்பகவல்லி. "கிராஃபிக்ஸ் கார்டு போயிருக்கு அண்ணாச்சி" என்றதுதான் தாமதம், அவர் எகிறிக் குதித்தார்.

"என் நல்ல கார்டை உருவிக்கிட்டு, செத்த கார்டை மாட்டியிருக்க. இப்பவே என் கார்டு வரணும். இல்லன்னா போலீஸ்தான்."

அச்சு மிஷினை நிறுத்திவிட்டு வேலையாட்கள் கூடினார்கள். திருட்டுப் பட்டம் விழுந்தால் கோவில்பட்டியில் அவளை நம்பி யார் கம்ப்யூட்டரைக் கொடுப்பார்கள்?

"உங்க கார்டுக்கு அடையாளம் இருக்கா, அண்ணாச்சி?"

"இல்லாம? போன வாரம் ஆயுத பூஜைக்கு மூடியைக் கழட்டி, என் கையாலயே சந்தனம் குங்குமம் வச்சேன். கார்டுல இருக்கிற ஃபேனைக்கூட விடலையே. வேற எவன் அப்படி வைப்பான்?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

கார்டைக் கழற்றி உயர்த்திப் பிடித்தாள். ஃபேனின் நடுவே அப்பியிருந்த சந்தனம் குங்குமத்தோடு காய்ந்து இறுகிக் கிடந்தது. விரலால் தள்ளினாள், ஃபேன் அசையவில்லை.



"இது உங்க கார்டுதான். ஃபேன் சுத்தாம சூட்டுல வெந்துபோச்சு. வேற கார்டு மாட்டித் தர்றேன். அடுத்த பூஜைக்குப் பொட்டை வெளியவே வைங்க அண்ணாச்சி. சாமிக்கு மூடியைக் கழட்டிக் காட்டணும்னு இல்ல."