மைனஸ் தயிர்

"மைனஸ் நாலு கிலோ தயிர்னா, அது எங்கீங்க டீச்சர் இருக்கும்?"

கேட்டுவிட்டு சென்னியப்பன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

அண்டாவில் தயிர் இருந்தது. மைனஸ் எதுவும் இல்லை.

டீச்சர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி முறுக்கு கடித்தாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெயர் நிலோபர். ஸ்டாக் கணக்கு போடுகிற சாப்ட்வேரை விற்ற கம்பெனி, அதைச் சொல்லிக் கொடுக்க ஈரோட்டிலிருந்து அனுப்பிய பெண். அவனைவிட இருபது வயது சின்னவள். சொல்லிக் கொடுப்பதால் டீச்சர். ஆனால் சொல்லிக் கொடுத்த மாதிரியே இருக்காது.

சென்னியப்பனுக்குப் பவானியில் தயிர்க்கடை. ஒரு காலேஜ் ஹாஸ்டல் வாங்குவதால்தான் அந்தக் கடை நிற்கிறது. நேற்று அந்த ஹாஸ்டல் கேன்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. தயிர் நூல் நூலாக இழுக்கிறதாம்.

இன்று காலை மேனேஜர் போனில் ரெண்டே வார்த்தை பேசினார். "எந்த பேட்ச் கெட்டதுன்னு சொல்லு. நாளைக்குக் காலையில நல்ல தயிர் வரணும். இல்லாட்டி எதிர் வரிசையில உங்கக்கா கடையில வாங்கிக்கறேன்."

ரெண்டு வார்த்தைக்கு அது அதிகம்தான். சென்னியப்பன் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

"எல்லாத் தயிரும் ஒரே பேட்ச் நம்பர்ல இருக்கேண்ணா," என்றாள் டீச்சர்.

"ஒரே தயிர்தானுங்களே."

அவள் எழுந்து வந்தாள். அண்டாவில் கரண்டியை விட்டுத் தூக்கினாள். கரண்டிக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு நூல் தொங்கியது. அறுகவே இல்லை.

"இதுல எது நேத்து, எது இன்னைக்கு?"

சென்னியப்பன் நூலைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான்.

"புரியலைங்க."

"தினமும் என்ன எழுதறீங்க?"

"வாங்குன பால் வரவு. வித்த தயிர் செலவு. பிரைக்கு ஒரு கரண்டி எடுத்து வெப்பேன், அதுவும் செலவு."

"அந்தப் பிரை மறுநாள் எங்க போகுது?"

"பாலுக்குள்ளதான். பிரை ஊத்தாம பால் எப்பிடீங்க தயிராகும்?"

"உள்ள போனதை எழுதினீங்களா?"

"அதை எதுக்குங்க எழுதறது? நம்மளுதுதானே."

டீச்சர் போய் உட்கார்ந்தாள்.

"குடுத்ததை எல்லாம் எழுதினீங்க. வந்ததை எழுதலை. அதான் மைனஸ்."

சென்னியப்பனுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

அவள் புதுசாக ஒரு ஐட்டம் போட்டாள். பெயர்: பிரை. ஒவ்வொரு நாள் தயிருக்கும் தனித்தனி பேட்ச் நம்பர் போட்டாள். திரையில் கீழே ஒரு பெட்டி வந்தது. அதில் 'தாய் பேட்ச்' என்றிருந்தது.

"இன்னைக்குத் தயிருக்கு எது தாய்?"

"நேத்துத் தயிர்."

"நேத்துக்கு?"

"முந்தாநாள்." அவன் தலையைச் சொறிந்தான். "இப்பிடியே போனா எங்கீங்க டீச்சர் நிக்கும்?"

"நீங்கதான் சொல்லணும். கடை தொறந்த அன்னைக்குப் பிரை எங்க வாங்கினீங்க?"

சென்னியப்பன் வெளியே பார்த்தான்.

"காலியா விட்டுருங்க."

"விட்டா சேவ் ஆகாது."

"நான் கேட்டது ஸ்டாக். நீங்க குடும்பக் கதை கேக்கறீங்க."

"நான் கேக்கலைண்ணா. பெட்டி கேக்குது."

பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல் வந்தது.

"அக்கா குடுத்துச்சு," என்றான்.

ரெண்டு பேரும் ஒரே கடையில்தான் இருந்தார்கள். போர்டில் யார் பெயர் போடுவது என்று சண்டை. அவன் வெளியே வந்தான். அண்டாவை விட்டுக் கொடுத்தான், அடுப்பை விட்டுக் கொடுத்தான், வாடிக்கையை விட்டுக் கொடுத்தான். எட்டு வருடமாக எல்லாரிடமும் அதைச் சொல்கிறான். கிளம்புகிற நேரத்தில் அவள் ஒன்றும் பேசாமல் அவன் தூக்குப்போசியில் ஒரு கரண்டி தயிர் ஊற்றியதை மட்டும் சொன்னதில்லை.

"அக்கா தயிர் இப்ப நூல் இழுக்குதா?"

"இல்லீங்க. கட்டியா, நல்லாத்தான் இருக்குதாம்."

"அப்பக் கெட்டது முதல்ல இல்ல. நடுவுல எங்கேயோ."

"எங்கீங்க?"

"எழுதியிருந்தாத்தானே தெரியும்."



"பாக்கெட் தயிரை வாங்கிப் பிரை ஊத்திக்கட்டுங்களா?"

"ஊத்திப் பார்த்தீங்களா?"

"ஒருக்கா. ருசி வேறன்னு ஹாஸ்டல்ல சண்டைக்கே வந்துட்டாங்க."

டீச்சர் பையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது.

"இருக்கறது அத்தனையையும் கீழ ஊத்துங்க. அண்டாவைச் சுடுதண்ணி விட்டுக் கழுவுங்க. அக்காகிட்டப் போய்க் கேளுங்க. வாய்விட்டுக் கேட்டு வாங்குங்க. அப்புறம் அந்தப் பெட்டியில பேரைப் போடுங்க."

"வேற வழி இல்லீங்களா?"

அவள் மிச்ச முறுக்கை அவன் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு அர்த்தமும் இல்லை போல. தின்றான்.

பிறகு ஊற்றினான். கழுவினான். சாயங்காலப் பால் வந்தது. காய்ச்சி ஆற வைத்தான். பால் ஆறிக்கொண்டே வந்தது. சூடு முழுசும் போய்விட்டால் உறையாது.

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

அவன் படி ஏறவும், அக்கா பாவாத்தா டியூப்லைட்டைப் போட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் சரியாக இருந்தது. அக்கா திரும்பினாள். அவனைப் பார்த்தாள். தூக்குப்போசியைப் பார்த்தாள்.

"இது இன்னும் ஓட்டையாகலையா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை.

"விளக்கு வெச்ச பொறகு தயிர் வெளிய குடுக்க மாட்டேன்னு தெரியுமல்ல உனக்கு?"

தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் தலையாட்டினான். திரும்பி ஒரு படி இறங்கினான்.

லைட் அணைந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தான். எதிரே அவன் கடையில் லைட் எரிந்தது. பக்கத்துச் செருப்புக்கடையிலும் எரிந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னும் விளக்கே வெக்கலையே."

ஒரு கை துழாவி வந்து தூக்குப்போசியை வாங்கியது. கரண்டி அண்டாவில் இடித்தது. திரும்பக் கைக்கு வந்தபோது அது கனத்தது.

வாய்விட்டுக் கேட்கத்தான் டீச்சர் சொல்லியிருந்தாள்.

அவன் கேட்கவே இல்லை.