சீல் வைத்த பன்னீர்

குப்பாண்டியூர் அண்ணன் தம்பி நால்வரிடம் நீங்கள் எதைச் சொன்னாலும் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதனால்தான் ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

மூத்தவர் பூவலிங்கம். யோசிக்கிற வேலை அவருடையது. அடுத்தவர் தொப்பளான் ஐந்தாம் வகுப்பு வரை போனவர், ஆகவே வாசிக்கிற வேலை அவருக்கு. மூன்றாமவர் மாயழகு எதையாவது கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசி சன்னாசிக்கு இன்ன வேலை என்று கிடையாது. மற்ற மூவருக்கும் அப்போதைக்கு எது தேவையோ அதுவாக அவர் இருப்பார்.

நால்வருக்கும் ஒரே தங்கை, செவத்தி. அந்தக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கிய புத்தி மொத்தமும் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவளுக்கு ஒரு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். கண்ணை மூடுமுன் மகன்களைக் கூப்பிட்டு, "இவளைக் கீழ விட்டுராதீங்கடா" என்றார். அவள் ஏழு வயது வரை தரையை மிதிக்கவில்லை. நால்வரும் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பார்த்து இறக்கிவிடச் சொன்னதால்தான் அவள் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

செவத்திக்கு இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. அவளிடம் குறை ஒன்றுமில்லை. முதலில் ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. தரகர் பூவலிங்கத்தைத் தனியே அழைத்துப்போய், "விட்டுராதீங்க. மாப்பிள்ளையோட அப்பா கையைக் காலைப் பிடிச்சாவது முடிச்சிருங்க" என்றார். கைகள் இரண்டு, கால்கள் இரண்டு, அண்ணன் தம்பிகள் நாலு பேர். ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். முடிக்கிற வரைக்கும் விடக்கூடாது என்று நின்றார்கள். அந்தப் பெரியவரைக் கடைசியில் இறக்கிவிட்டபோது, அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஊரைவிட்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து அமைந்ததுதான் நல்லமுத்துவின் மகன் கோமதிநாயகம். அமைதியான பையன். செவத்திக்கும் பிடித்திருந்தது. நல்லமுத்து நிச்சயத்துக்கு வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்களுக்கு சீர்செனத்தி எதுவும் வேண்டாம். வாசல்ல பன்னீர் மட்டும் நல்லாத் தெளிச்சிருங்க. எங்க அக்கா சீனித்தாய்க்கு அதுல ஒரு இது. போன கல்யாணத்துல அவங்க மேல பன்னீர் படலைன்னு பந்தியில உட்காராமத் திரும்பிட்டாங்க. அவங்க திரும்பினா நாங்க அத்தனை பேரும் திரும்பணும். எங்க குடும்பத்துல அப்படி."

"பன்னீர்தானே, பட்டுரும்" என்றார் பூவலிங்கம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நால்வரும் டவுனுக்குப் போனார்கள். பாத்திரக்கடையில் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு கேட்டார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டு, நீளமாக, ரோஜாப்பூப் படம் போட்ட ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"செம்பெல்லாம் இப்ப யாரு தொடுறா? இது புதுசா வந்திருக்கு. உள்ள பன்னீரும் காத்தும் சேர்த்து அடைச்சு சீல் வச்சிருக்கான். திறக்க வேண்டாம், ஊத்த வேண்டாம், சிந்தாது. தலைய அமுக்கினாப் போதும். பனி மாதிரி வரும். முந்நூறு பேருக்குத் தாங்கும்."

பூவலிங்கம் டப்பாவைக் கையில் வாங்கி எல்லாப் பக்கமும் பார்த்தார். "தலைய அமுக்கினாப் போதுமா?"

"போதும்."

"பலமா அமுக்கணுமா?"

"லேசா ஒரு அமுக்கு."

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை அடுப்படிப் பலகையில் வைத்துவிட்டு நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தொப்பளான் அதன் முதுகில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்."

மாயழகு எடுத்துக் குலுக்கினார்.

"இது நல்லாக் குலுக்கினதா?" என்று பூவலிங்கம் கேட்டார்.

"என்னால முடிஞ்ச வரைக்கும் குலுக்கினேன் அண்ணே."

"சுமாராக் குலுக்கவும்னு போட்டிருந்தா நீ குலுக்கினது போதும். நன்றாகன்னு போட்டிருக்கான். மனுசன் கையால நன்றாகக் குலுக்க முடியுமா?"

நால்வரும் யோசித்தார்கள். இந்தப் பக்கத்தில் எது நன்றாகக் குலுக்கும் என்பதில் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமே வரவில்லை. கம்மாய்க்கரை ரோட்டில் போகும் பதினொரு மணி பஸ்தான். அதிலும் கடைசி சீட்டு.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நால்வரும் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்றார்.

"எங்கயும் போகலை. இதைக் குலுக்கணும்" என்றார் பூவலிங்கம்.

கண்டக்டர் அந்த ஊர்க்காரர். மேற்கொண்டு கேட்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தது. சன்னாசி இரண்டு முறை கூரையில் முட்டிக்கொண்டார். இறங்கும்போது பூவலிங்கம் டப்பாவைக் காதில் வைத்துக் கேட்டு, "இப்பத்தான் குலுங்கியிருக்கு" என்றார்.

டப்பா மறுபடி அடுப்படிப் பலகைக்குப் போனது. தொப்பளான் அடுத்த வரியை வாசித்தார். "நெருப்பின் அருகில் வைக்காதீர்கள்."

அடுப்படியில் சமையல்காரர் வேலாண்டி மூன்று பெரிய அடுப்பை மூட்டி, முதல் நாள் விருந்துக்கு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்.

"வச்சுட்டமே" என்றார் மாயழகு.

"வைக்காதேன்னு போட்டிருக்கான். வச்சுட்டா என்ன செய்யணும்னு போட்டிருக்கானா?"

தொப்பளான் மேலும் கீழும் தேடினார். "அதைப்பத்தி ஒண்ணும் இல்ல அண்ணே."

"அப்ப டப்பாவைத் தொடக் கூடாது. நெருப்பைத்தான் எடுக்கணும்."

ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்து மூன்று அடுப்பிலும் ஊற்றினார்கள். வேலாண்டி கையில் கரண்டியோடு புகைக்குள் நின்றார். "சாம்பார் பாதிக் கொதியில நிக்குதய்யா" என்று மட்டும் சொன்னார்.

சத்தம் கேட்டு செவத்தி வந்தாள். கையில் மருதாணி. சங்கதியைக் கேட்டுவிட்டு, முழங்கையால் டப்பாவை அணைத்து எடுத்துக்கொண்டு போய் முன்கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். நால்வரும் அவள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள்.

"இவ இல்லாம நாளையிலிருந்து எப்படிண்ணே" என்றார் சன்னாசி.

செவத்தி பூவலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீங்க. நாளைக்கு வாசல்ல பன்னீர் தெளிக்க வேற யாரையாவது நிறுத்துவோமா?"

பூவலிங்கம் அவள் மருதாணிக் கையைப் பார்த்தார். "எந்தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு வேற வீட்டு ஆளு பன்னீர் தெளிக்கிறதா தாயி?" என்றார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. செவத்தி அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இருந்த புத்திக்கு அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு புத்தியை எங்கே வைத்துக்கொள்வது?

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. நாகஸ்வரக்காரர் எழுந்து வாசித்தார். முதலில் இறங்கியவர் சீனித்தாய். ஆறடி உயரம், அரக்குப் பட்டு, கையில் வெற்றிலைப் பெட்டி. அவருக்குப் பின்னால் நல்லமுத்து, அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை, பிறகு ஒரு அறுபது பேர். பந்தல் வாசலில் அண்ணன் தம்பி நால்வரும் வேட்டியை இறக்கிவிட்டு வரிசையாக நின்றார்கள். மாயழகு டப்பாவைப் பிடித்திருந்தார்.

சீனித்தாய் வாசலில் நின்று முகத்தைக் கொஞ்சம் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். பன்னீருக்காகத்தான்.

தொப்பளான் அவசரமாக அண்ணன் காதில் சொன்னார். "முகத்துக்கு நேராகத் தெளிக்காதீர்கள்னு போட்டிருக்குண்ணே."

பூவலிங்கம் பணிவாக முன்னால் வந்தார். "பெரியம்மா, கொஞ்சம் திரும்புங்க."

சீனித்தாய் கண்ணைத் திறந்தார். "என்ன சொன்ன?"

"திரும்பணும் பெரியம்மா. நீங்க மட்டும் இல்ல, வந்தவங்க எல்லாரும் திரும்பணும். மாப்பிள்ளையும்."

நாகஸ்வரம் நின்றது. சீனித்தாய் நல்லமுத்துவைப் பார்த்தார். நல்லமுத்து தரையைப் பார்த்தார்.

"எம்பது மைல் வந்து வாசல்ல நிக்கிறவங்களைத் திரும்பச் சொல்றாங்கடா தம்பி" என்றார் சீனித்தாய். "சொன்னபிறகு நிக்கிறது மரியாதையில்ல." அவர் திரும்பினார். அறுபது பேரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை பந்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு பதவிசான சனம்" என்றார் பூவலிங்கம். "ஒரே வார்த்தையில திரும்பிட்டாங்க பாரு. ம், தலைய அமுக்கு."

"யார் தலைய அண்ணே?" என்றார் மாயழகு.

இது முன்பே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம். யார் தலை என்று கடைக்காரர் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் தலையை அமுக்குவது மரியாதை ஆகாது. எனவே சன்னாசியை உட்காரவைத்துத் தலையை லேசாக அமுக்கினார்கள். ஒன்றும் வரவில்லை.

"லேசான்னா எவ்வளவு லேசு?"

கொஞ்சம் பலமாக அமுக்கினார்கள். சன்னாசியின் நெற்றியில் இரண்டு துளி அரும்பியது.

"வருது" என்றார் தொப்பளான். மாயழகு குனிந்து மோந்து பார்த்தார். "பன்னீர் இல்லண்ணே. வேர்வை."

இதற்குள் சம்பந்தி வீட்டார் பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பன்னீர் படாமல் அவர்கள் போகிறார்கள் என்பது அப்போதுதான் பூவலிங்கத்துக்கு உறைத்தது. "கடைசி வரி என்னடா?" என்று கேட்டார்.

தொப்பளான் வாசித்தார். "காலி டப்பாவில் துளை போடாதீர்கள்."

"காலி டப்பாவிலதானே?"

"காலி டப்பாவிலதான்."

"இது?"

"நிறைஞ்ச டப்பா."

"அப்ப அதுதான் வழி" என்றார் பூவலிங்கம். அரிசி மூட்டை தைக்கிற கோணூசி பந்தல்காலில் செருகியிருந்தது. அதை உருவினார். உள்ளேயிருந்து செவத்தி கல்யாணப் புடவையோடு ஓடி வந்தாள். "அண்ணே, டப்பாவுக்கு மேல ஒரு குமிழ் இருக்கு பாருங்க, அதுதான் தலை" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி அடிப்பக்கத்தில் இறங்கிவிட்டது.

டப்பா மாயழகின் கையைவிட்டுப் போனது. பந்தலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, நாகஸ்வரக்காரரைத் தலைமுதல் கால்வரை நனைத்து, போட்டோக்காரரின் கேமராவை நனைத்து, வாழைமரத்தில் மோதித் திரும்பி, பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியது. பஸ் அப்போதுதான் நகர்ந்திருந்தது. பின்படி வழியாக டப்பா உள்ளே ஏறியது. உள்ளே அது என்ன செய்தது என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பனி படர்ந்தது மட்டும் தெரிந்தது.

பஸ் நின்றது. ரொம்ப நேரம் யாரும் இறங்கவில்லை. செவத்தி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சீனித்தாய் இறங்கினார். பட்டுப்புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. கொண்டையிலிருந்து சொட்டியது. அவர் மெதுவாக நடந்து வந்து பூவலிங்கத்தின் முன்னால் நின்று, முந்தானையைப் பிழிந்து மோந்து பார்த்தார்.

"அசல் ரோஜா" என்றார்.

முந்தானையை உதறிவிட்டுத் தொடர்ந்தார்.

"எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கேன். விரல் நுனியால ரெண்டு துளி தொட்டுத் தெறிப்பாங்க. அதுவும் பக்கத்துல நிக்கிறவ மேலதான் விழும். போறவங்களைப் பின்னாலேயே விரட்டி வந்து, பஸ்ஸுக்குள்ள ஏறி, சீட்டு சீட்டா மரியாதை செஞ்ச வீடு இது ஒண்ணுதான்." தம்பி பக்கம் திரும்பினார். "நல்லமுத்து, எல்லாரையும் இறங்கச் சொல்லு. இந்த வீட்டுப் பொண்ணுதான் நமக்கு."

மாப்பிள்ளை ஏற்கெனவே இறங்கியிருந்தார்.

தாலி கட்டியாயிற்று. ஈர வேட்டியோடும் ஈரப் புடவையோடும் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பாரில்கூட ரோஜா வாசனை அடித்தது என்று சீனித்தாய் இரண்டு முறை கேட்டு வாங்கினார். வேலாண்டி அந்தப் பாராட்டை மறுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் போட்டோ. பொண்ணு மாப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அண்ணன் தம்பிகளை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். கண்ணாடி முழுவதும் பன்னீர்.

"துடைச்சிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது துடைத்துத் தீர்கிற ஈரமாக இல்லை. கேமராவைப் பிரித்துக் காயவைக்க வேண்டுமென்று பஸ் ஏறி டவுனுக்கே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். செவத்தி புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் வந்தது. ஒவ்வொரு அண்ணனாகக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நால்வரும் அசையவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் அசையலாமா கூடாதா என்று தொப்பளானுக்கு ஒரு சந்தேகம். கேட்பதற்கு வாயை அசைக்க வேண்டுமே என்று கேட்கவில்லை. செவத்தி தன் முந்தானையால் நாலு பேர் கண்ணையும் துடைத்துவிட்டுப் போனாள்.

போட்டோக்காரர் மறுநாள் காலையில் வந்தார். பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். வெட்டவெளியில் நால்வர் மட்டும் நின்றிருந்தார்கள். வந்த வேலையை முடித்துவிடலாம் என்று அவர் கேமராவைத் தூக்கி, "கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தார்கள். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று மத்தியானம் மேலத்தெருவில் ஒரு சாவு. நால்வரும் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு முறைப்படி போய், சிரித்தபடியே துக்கம் விசாரித்துவிட்டு வந்தார்கள்.