விக்கிய சருகுமானும் விசாரித்த கரடியும்

ஒரு காட்டில், முயலைவிடக் கொஞ்சமே பெரிய சருகுமான் ஒன்றுக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். அது செய்த குற்றம் என்ன தெரியுமா, குழந்தைகளே? விக்கியது. அவ்வளவுதான்!

புல்வெளியில் மேய்ந்துவிட்டு வந்ததிலிருந்து அதற்கு விக்கல் நிற்கவேயில்லை. தண்ணீர் குடித்தாலாவது நிற்குமா என்று குட்டைக்குப் போனது. அங்கே காவலுக்குக் கரடி.

"என்னடி விக்குகிறாய்? எதைத் திருடித் தின்றாய்?"

"எதையும் இல்லை மாமா, விக்!"

"திருடித் தின்றால்தான் விக்கும். காலங்காலமாகச் சொல்வது பொய்யா?"

"அப்படியானால் எது காணாமல் போயிற்று? விக்! சொல்லுங்களேன்!"

கரடி உடனே குரங்குகளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. காட்டில் சேமித்திருந்த தேனடை, கிழங்கு, கொட்டை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"நன்றாகத் தேடுங்கள்! விக்கல் வந்திருக்கிறதே, ஏதாவது போயிருக்கத்தான் வேண்டும்" என்று உறுமியது கரடி. "அதுவரை இவளுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. விக்குகிறவர் யாரானாலும் இதுதான் சட்டம்!"

கோடைக்காலம். வேறு குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. நாக்கு உலர, விக்கல் உடம்பைக் குலுக்க, சருகுமான் புதரோரம் நின்றது. அதற்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

முதுகில் உண்ணி பொறுக்க வந்த மைனா அதன் காதுக்குள் எட்டிப் பார்த்தது.

"அடியே, உள்ளே ஊசிப்புல் முனை குத்திக்கொண்டிருக்கிறதே! இப்படி உறுத்தினாலும் விக்கல் வருமடி."

அலகால் மெல்ல இழுத்தது. விக்கல் நின்றது!

சருகுமான் துள்ளிக்கொண்டு போய்க் கரடியிடம் புல்முனையைக் காட்டியது.

"புல்லாவது, முனையாவது! நான் மிரட்டினேன், பயத்தில் நின்றுவிட்டது. நீ திருடியேதான். காட்டைவிட்டே துரத்தப்போகிறேன்" என்றது கரடி.

விக்கினாலும் திருடி, நின்றாலும் திருடி! இது எந்த ஊர் நியாயம்?

சருகுமான் குரலைத் தாழ்த்தியது. "துரத்துவது இருக்கட்டும் மாமா. மேட்டு இலுப்பை மரத்தடியில் உங்களுக்குப் பிடித்த இனிப்புப் பூ காய்ந்து குவிந்து கிடக்கிறது. குரங்குகள் காதில் விழுவதற்குள்..."

கரடி ஓடியது. மெல்லாமல் கொள்ளாமல் அள்ளி அள்ளி விழுங்கியது. திரும்பி வந்து, எல்லோரும் கேட்க, "இந்தத் திருடியை..." என்று தொடங்கியது. "விக்!"

குரங்குகள் கிளையை உலுக்கிச் சிரித்தன. "மாமா, நீங்கள் எதைத் திருடினீர்கள்?"

கரடி தண்ணீருக்குப் பாய்ந்தது. குரங்குகள் குட்டையை மறித்து உட்கார்ந்துகொண்டன. "சட்டம் மாமா, சட்டம்!"

"விலகுங்கடா! விக்! விக்கலுக்கும் திருட்டுக்கும் என்னடா சம்பந்தம்? அவசரமாக விழுங்கினேன், விக்குகிறது!" என்று கரடி கத்தியது. காடே கேட்டது.

சருகுமான் நிமிர்ந்த தலையோடு குட்டையில் இறங்கி, முதலில் தான் வயிறு நிறையக் குடித்தது. பிறகு குரங்குகளை விலகச் சொன்னது.

"குடியுங்கள் மாமா, மெதுவாகக் குடியுங்கள். நான் விக்கி விக்கிச் சொன்னபோது உங்களுக்கு ஏறவில்லை. இப்போது நீங்களே விக்கி விக்கி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள்!"

நீதி: நோய்க்குக் காரணம் தேடு, நோயாளியிடம் குற்றம் தேடாதே.