நடுக்கோட்டருகே ஒரு விசில்

தன்னைவிட ஐந்து வயது இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் பிலோமினாவுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. கணவர் இறந்த மறுவருஷம், நாற்பத்து நாலாவது வயதில், கூடைப்பந்து நடுவர் தேர்வுக்குப் படிக்கப் போனாள். வகுப்பெடுத்தவர் நாகூர் மீரான். அவள் பள்ளி ஆசிரியை என்பதால் அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள். அவள் தேறி நடுவரான பிறகும், மூன்று வருஷமாக அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் தூத்துக்குடியில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தாள். மீரான் தன் வீட்டை ஒட்டிய மைதானத்தில் ஏணி போட்டு வளையத்துக்குப் புது வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா டீச்சர்?"

"ஆச்சு சார்."

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஏணியின் கீழ்ப்படியில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு இனிமே வேண்டாம்."

மீரான் எட்டிப் பார்த்தார். இறங்கவில்லை.

"ரெண்டு முடிச்சு பாக்கி. ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

அவள் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம். ஜெயிக்கும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். இன்னும் ஏழு விநாடி. வெள்ளைச் சட்டை அணி ஒரு புள்ளி முன்னால். பந்தும் அவர்களிடம்தான். முப்பிடாதி என்ற பெண் பந்தை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அப்படிக் கொண்டுவந்த பந்தைத் தன் பாதிக்கே திரும்ப அனுப்பித் தானே எடுக்கக் கூடாது. எடுத்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பேக் கோர்ட் என்பார்கள்.

முப்பிடாதி தோழிக்குப் பந்தை வீசினாள். நீலச் சட்டைக்காரி ஒருத்தி பாய்ந்து குறுக்கே கையை நீட்டினாள். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் ஓடியது. முப்பிடாதியே ஓடிப்போய் எடுத்தாள்.

பிலோமினா விசில் ஊதினாள்.

பந்து நீல அணிக்குப் போனது. மூன்று விநாடி மிச்சமிருக்க அவர்கள் கூடையில் போட்டார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

முப்பிடாதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், அவ கை பட்டுச்சு மிஸ். சத்தியமா பட்டுச்சு" என்றாள். அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். வைகாசியில் கல்யாணம்.

கூட இருந்த இன்னொரு நடுவர், "கோட்டுப் பக்கம் நீங்கதானே நின்னீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு கிடைத்த முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நடுவர்களுக்கென்று போட்டிருந்த மேஜையில் பிலோமினா தனியாக உட்கார்ந்து பொங்கலைப் பிசைந்தாள். ஜெயித்தவர்களும் அந்தப் பக்கம் வரவில்லை, தோற்றவர்களும் வரவில்லை.

மீரான் முடிச்சைப் போட்டு இறங்கினார்.

"விதியைச் சொல்லுங்க டீச்சர்."

"விதி எனக்குத் தெரியும் சார்."

"தெரியும். சொல்லுங்க."

அவள் வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "பந்தை வச்சிருக்கிற அணி, முன்பாதியில் அதைக் கடைசியாத் தொட்டிருக்கணும். பந்து பின்பாதிக்குப் போனதும் அதே அணி முதல்ல தொட்டிருக்கணும். ரெண்டும் நடந்தாத்தான் தப்பு."

"நடுவுல எதிரணி விரல் பட்டிருந்தா?"

"கடைசியாத் தொட்டது எதிரணி ஆயிடும். அப்போ தப்பில்லை. ஆட்டம் போய்க்கிட்டே இருக்கணும்."

"பிறகென்ன?"

"விரல் பட்டுச்சா இல்லையா சார்? ராத்திரியெல்லாம் இதே நினைப்பு."

"நான் அங்க இல்லையே. வீடியோ எடுத்திருப்பாங்களே?"

"எடுத்திருக்காங்க. முன்னால நின்ன ஆளோட தலைதான் தெரியுது."

மீரான் சிரிக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டருகே போனார். அவளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். வலக்கையால் பந்தை மேலே எறிந்து, அது இறங்கும்போது இடக்கையைக் குறுக்கே வீசினார்.

"பட்டுதா?"

"பட்டுது."

மறுபடி எறிந்தார்.

"படலை."

இருபது தடவைக்கு மேல் எறிந்திருப்பார். சில தடவை நகம் மட்டும் உரசியது. பந்தின் சுழற்சி மாறுவதை வைத்தே அவள் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. தன் கண்ணில் கோளாறில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது.

மீரான் கொஞ்சம் திரும்பி நின்றார். பந்துக்கும் அவளுக்கும் நடுவே அவர் தோள் வந்தது. எறிந்தார். கையை வீசினார். வீசும்போதே மைதானம் அதிரக் கத்தினார்.

"படலை!"

"படலை" என்றாள் பிலோமினா.

பந்து உருண்டு போய் வேலியில் நின்றது. இருவரும் அதை எடுக்கப் போகவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அன்னிக்கு?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் தரையில் பூசியிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணோட முதுகுதான் தெரிஞ்சது. கை தெரியலை. பந்து பின்னால போனதைப் பார்த்தேன். ஊதிட்டேன்."

"பார்க்காததை ஊதக் கூடாதுன்னு முதல் வகுப்புலேயே சொன்னேன்."

"சொன்னீங்க."

"பிறகு ஏன்?"

"சுத்தி அறுநூறு பேர் சார். எல்லாரும் 'பேக், பேக்'னு கத்தினாங்க. நான் ஊதினதும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க." அவள் குரல் இறங்கியது. "வீட்டுல நான் ஒருத்திதான். மகன் மஸ்கட்டுல. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான். மத்த நாளெல்லாம் பேச்சுச் சத்தம் கேக்கணுமேன்னு ரேடியோவைப் போட்டு வைப்பேன். மேட்சுக்குப் போனாலும் தனி மேஜை, தனிச் சாப்பாடு. யார்கிட்டயும் சிரிச்சுப் பேசக் கூடாது. அன்னிக்கு அந்தக் கைதட்டல்... எனக்குன்னு வந்த மாதிரி இருந்துச்சு சார். ஒரு நிமிஷம் அவங்களோட சேர்ந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னபிறகு உடம்பெல்லாம் கூசியது.

மீரான் வேலியோரம் போய்ப் பந்தை எடுத்து வந்தார்.

"முடிவை மாத்த முடியுமா சார்? நான் எழுதிக் குடுக்கிறேன்."

"மாத்த மாட்டாங்க. ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"எது?"

"நீங்க பார்க்கலைங்கிறது."

பிலோமினா ஏணியில் சாய்ந்து நின்றாள். மீரான் வீட்டுக்குள் போய் இரண்டு இட்லியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தென்காசிப் பக்கம் போனாள். விசாரித்து விசாரித்து முப்பிடாதியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், வாசலில் நிற்பது யாரென்று தெரிந்ததும் ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நான் உட்கார வரலைம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்."

"சொல்லுங்க மிஸ்."

"அன்னிக்கு அவ கை பட்டுதா படலையான்னு நான் பார்க்கலை. பார்க்காமலேயே ஊதிட்டேன்."

முப்பிடாதியின் முகம் சிவந்தது. ஏசப் போகிறாள் என்று பிலோமினா நினைத்தாள். ஏசட்டும் என்றும் நினைத்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

"எங்க கோச் என்கிட்ட இன்னும் பேசலை. நான்தான் பந்தை மோசமா வீசினேன்னு."

"நான் போய் அவர்கிட்டயும் சொல்றேன்."

அந்தப் பெண் சேலையைக் கொடியில் போட்டாள். அதன் ஓரத்தை இழுத்து விட்டாள். சுருக்கம் இல்லாத இடத்தையும் மறுபடி நீவினாள். திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கும் தெரியாது மிஸ்."

"எது?"

"கை பட்டுச்சான்னு. பட்டிருக்கணும்னு வேண்டிக்கிட்டே ஓடினேன். விசில் சத்தம் கேட்டதும் பட்டுச்சுன்னு கத்திட்டேன். சத்தியம்னு வேற சொல்லிட்டேன். ஊரெல்லாம் அதையே சொல்லி அழுதேன். இப்போ நீங்க சொல்ற வரைக்கும் எனக்கே அது நிஜமாத்தான் இருந்துச்சு."

அவள் அழுதாள். கொடிக்கு இந்தப் பக்கம் பிலோமினா நின்றிருந்தாள். நடுவில் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு ஆறுதல் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அவள் சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து முப்பிடாதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு வாங்க என்று அழைக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னாள்.

பிலோமினா அன்று மாலையே வெள்ளை அணியின் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் ஏசினார். பெரிய குரலில், நாலு பேர் முன்னால், வெகுநேரம் ஏசினார். அவள் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் மீரானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு இங்க ஒரு மேட்ச் இருக்கு. ஒரு நடுவர் குறையுது."

அவள் உடனே வாங்கவில்லை.

"விரல் பட்டுச்சா இல்லையான்னு கடைசிவரை தெரியாமலே போச்சே சார்."

"போகட்டும்."

"அது பரவாயில்லை. வேற ஒண்ணுதான் பயமா இருக்கு."

"என்ன?"

"நாளைக்கும் கூட்டம் வரும். கத்துவாங்க. அந்தச் சத்தம் கேட்டா மறுபடியும் எனக்கு..."

மீரான் விசிலை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கேக்கும். ஆனா அது உங்களைக் கூப்பிடலை டீச்சர்."