தேன்பாறைக்கு வந்த புது அண்ணன்

தேன் எடுக்கும் தன் குடும்பத்தைப் பெரிய துணியில் தீட்டி, கோவைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தாள் கோத்தகிரிக் குறும்பர் வீட்டு ஓவியக்காரி பொம்மி.

பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்திருக்க, கலைக்கூடத் தலைவர் பரந்தாமன், "நானும் உனக்கு அண்ணன்தானே? என்னையும் இதில் வரை. இல்லையென்றால் படம் சுவரேறாது" என்றார்.

"வரைஞ்சிடலாங்க. என் புருஷன் பாறையில தொங்குறப்ப மேல கயித்தைப் பிடிக்கிறது என் அண்ணன்தான். தங்கச்சி புருஷனைக் கைவிட மாட்டான் பாருங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும் கயித்தைப் பிடிக்க வாங்க."

எல்லார் முன்னாலும் மறுக்க முடியாமல் பரந்தாமன் போனார். முதல் தேனீ காதோரம் பறந்ததுமே காருக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒப்புக்கொண்டபடியே படம் சுவரேறியது. உச்சியில் கயிற்றோடு பொம்மியின் அண்ணன். அடிவாரத்தில் ஒரு கார், கண்ணாடிக்குப் பின்னால் பரந்தாமன்.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்களோ, அங்கயே வரைஞ்சிருக்கேன் அண்ணா" என்றாள் பொம்மி.