கொக்கின் குறி தவறிய நாள்

அந்தக் காலத்தில், மீனும் கொக்கும் தண்ணீரும் ஒரே மொழி பேசிய நாட்களில், ஒளிக்கு வளையத் தெரியாது. காற்றில் எந்த வேகத்தில் நடக்குமோ, அதே வேகத்தில்தான் நீருக்குள்ளும் நடக்கும். அதன் கதிர்கள் வரிசை வரிசையாகக் கைகோத்துக்கொண்டு, ஊர்வலம் போலப் போகும். மீன் எங்கே இருக்கிறதோ அங்கேயே கொக்கின் கண்ணுக்குத் தெரியும். கொக்கு கொத்தினால் தப்பாது.

ஒரு கோடையில் குளம் ஒன்று முழங்கால் ஆழத்துக்கு வற்றிவிட்டது. அதில் ஒரு விரால் மீன் தன் சிவந்த குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்தது. பாதிக் குஞ்சுகளைக் கொக்கு ஏற்கெனவே தின்றுவிட்டது. மீதிக்குப் பதுங்க ஆழமில்லை. மழையும் பக்கத்தில் இல்லை.

காலையில் கொக்கு வந்து நின்றது.

“என்ன தங்கச்சி, பிள்ளைகள் இப்படி இளைத்துப்போனார்கள்? ஒழுங்காகச் சோறு போடக் கூடாதா? நட்டம் எனக்கல்லவா!”

விரால் ஒளியிடம் ஓடியது.

“அண்ணே, இன்றைக்காவது எங்களைக் காட்டிக்கொடுக்காதே.”

“நான் உள்ளதை உள்ளபடி கொண்டுபோகிறேன்,” என்றது ஒளி. “எனக்குக் கொக்கும் ஒன்றுதான், நீயும் ஒன்றுதான்.”

“நீ நேராகப் போகிறாய். உன் தடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் அலகும் நேராக வருகிறதே!”

ஒளி தன் போக்கில் நடந்தது. நடுநிலை பேசுகிறவர்களிடம் இந்தக் கேள்விக்கு என்றைக்கும் பதில் இருந்ததில்லை.

விரால் தண்ணீரிடம் திரும்பியது. “தாயே, நீயாவது...”

“நானே வற்றிக்கொண்டிருக்கிறேனடி. என்னால் என்ன ஆகும்?”

“ஓடுகிறவர்களின் காலைப் பிடி. அது போதும்.”

“பிடித்தால் எனக்கு விடத் தெரியாது. அப்புறம் எந்தக் காலத்துக்கும் ஒளி எனக்குள் மெதுவாகத்தான் நடக்கும்.”

“நடக்கட்டும்!”

கொக்கு அதற்குள் கழுத்தை மடக்கிவிட்டது. கடைக்குட்டியின் மேல் அதன் கண். அந்தக் குஞ்சின் உருவத்தைச் சுமந்துகொண்டு ஒளி வரிசை சாய்வாக மேலே ஏறியது. தண்ணீர் அதன் கால்களைச் சேறு போலப் பிடித்துக்கொண்டது.

வரிசையின் ஒரு முனை முதலில் வெளியே வந்தது. காற்றில் கால் பட்டதும் பழைய வேகம் வந்துவிட்டது. மறுமுனை இன்னும் உள்ளே திணறியது.

“அட, இழுக்காதே! நாங்கள் இன்னும் ஏறவில்லை!”

“கையை விட்டுவிடட்டுமா?”

“விட்டால் அப்புறம் வரிசை ஏது?”

கரையேறியவர்கள் கையை விடவில்லை. உலகத்தில் அரிதாக நடக்கும் காரியம் அது. ஒரு முனை வேகமாக எட்டு வைக்க, மறுமுனை பின்தங்கி வர, வரிசை முழுவதும் பக்கவாட்டில் திரும்பியது. ஒளியின் பாதை முதன்முதலாக வளைந்தது.

கொக்குக்கு இது தெரியாது. தன் கண்ணுக்கு ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அந்தத் திசையிலேயே நேராகப் பார்த்தது. குஞ்சு இருந்த இடத்துக்கு மேலே குஞ்சு தெரிந்தது. கொத்தியது. அலகில் வெறும் தண்ணீர்!

“எவன் செய்த சதி இது?” என்று கொக்கு கத்தியது. கீழே கடைக்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு தாயிடம் ஓடியது.

கொக்கும் சும்மா இருக்கவில்லை. தெரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே கொத்தப் பழகிக்கொண்டது. ஆனால் அதற்கு வெகுநேரம் நின்று குறி பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் போதும், குஞ்சுகள் நழுவிவிடும். மழை வரும்வரை அவை அப்படித்தான் உயிர் பிழைத்தன.

அன்று கையை விடாத அந்த வரிசையால்தான், தண்ணீரில் சாய்த்து வைத்த குச்சி இன்றும் ஒடிந்தது போலத் தெரிகிறது. கொக்கும் கொத்துவதற்கு முன் அத்தனை நேரம் அசையாமல் நிற்கிறது.